அழுத்தமானியும் அடுத்தவர் மனமும்

பிறர்மீது தீர்ப்பிட வேண்டாமென்று ஆண்டவர் மலைப்பொழிவில் விதித்ததைக் குருப்பட்டம் பெற்ற நாள் முதலாக நாம் எத்தனையோ ஞாயிறுகளில் விளக்கியிருக்கிறோம். விளக்குவது எளிது. கண்ணில் கிடக்கும் துரும்பையும் மரக்கட்டையையும் பற்றிச் சொன்னால் முன்வரிசைச் சிறுபிள்ளைகளும் சிரிப்பார்கள். ஆனால் தீர்ப்பிடாமல் வாழ்வது எங்ஙனம்? பங்கை நடத்துகிறவன் காலையில் எழுந்தது முதல் தீர்ப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறான். எந்தக் குடும்பத்தின் வறுமை உண்மையானது, எந்த இளைஞனுக்கு நற்சான்றுக் கடிதம் தரலாம், வாய்க்கால் தகராறில் இருவருள் யார் முதலில் இறங்கிவர வேண்டும் என்றெல்லாம் அவன் முடிவு செய்தாக வேண்டும். நான் எதையும் தீர்மானிக்க மாட்டேன் என்று அவன் ஒதுங்கினால் அதுவும் ஒரு தீர்ப்பே. வலியவன் பக்கம் எழுதப்பட்ட தீர்ப்பு. அப்படியானால் ஆண்டவர் தடுத்தது எதை? தீர்ப்பையா, தீர்ப்பிடும் முறையையா?

இக்கேள்வி நமக்குக் குருமடத்து நூலகத்தில் எழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு நாம் பணியாற்றிய ஒரு கடற்கரைப் பங்கில், இரண்டு பனந்துண்டுகளை நட்டுக் குறுக்கே பலகை அறைந்து அதில் மாட்டி வைத்திருந்த ஒரு பழைய அவுட்போர்டு எஞ்சினின் முன்னால் எழுந்தது. ஊரின் பெயர் வேண்டாம். நடந்ததை எழுதச் சம்பந்தப்பட்டவர்கள் இசைவு தந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

கடல் காணாத வாசகர்களுக்காக இரண்டொரு சொல். அவுட்போர்டு எஞ்சின் என்பது வள்ளத்தின் அமரத்தில், அதாவது பின்முனையில், வெளிப்புறமாகத் தொங்கவிடப்படும் இயந்திரம். தலைப்பகுதியில் எஞ்சினும், நடுவில் நீண்ட காலும், நீருக்குள் சுழலும் விசிறியுமாக அது ஒரே உடலாய் இருக்கும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூடு என்பவர் மில்வாக்கி நகரில் 1909-ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சின் ஒரே சிலிண்டரும் ஒன்றரைக் குதிரைத்திறனும் கொண்டது. எடை 62 பவுண்டு. ஒருவர் தோளில் சுமந்து வந்து படகில் மாட்டிவிடலாம் என்பதே அதன் சிறப்பு. துறைமுகமில்லாத நம் கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறெது? 1980-களில் ஜப்பானிய எஞ்சின்கள் குமரிக் கடற்கரைக்கு வந்தபோது பாயும் துடுப்பும் நம்பி வாழ்ந்த மக்களின் கடல் திடீரென்று விரிந்தது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அவற்றைத் தருவித்துக் கொடுத்ததோடு பழுது பார்க்கும் நிலையங்களையும் நடத்தியது. கடன் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எஞ்சினோடு வந்த கடனைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம், இங்கே வேண்டாம்.

அவ்வெஞ்சின்களுள் பல மண்ணெண்ணெயில் ஓடக்கூடியவை. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மறுபடி பெட்ரோலுக்கு வந்துவிட வேண்டும். இதை மறந்தவர்கள் மறுநாள் விடியலில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிக்க நிற்பார்கள். மண்ணெண்ணெய் கடுமையான அழுத்தத்தைத் தாங்காது; நேரத்திற்கு முன்பே தானாக வெடித்து எஞ்சினை உள்ளிருந்து அடிக்கும். ஆகவே இவ்வகை எஞ்சின்களைச் செய்கிறவர்கள் சிலிண்டரின் அழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்தே அமைக்கிறார்கள். இந்த ஒரு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அந்நாளில் நாம் அதை அறிந்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திராது.

நிகழ்ச்சி இது. முழங்கால் தேய்ந்து கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு பெரியவர், முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தம் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினைத் தெற்குத் தெருவைச் சேர்ந்த ஓர் இளைஞருக்கு 18,000 ரூபாய்க்கு விற்றார். இளைஞருக்குக் கல்யாணமாகி ஒன்பது மாதம். மனைவியின் வளையல்களை அடகு வைத்துப் பணம் கட்டினார். வாங்கிய பதினைந்தாம் நாள், வலையை வாங்கிக்கொண்டு திரும்பும் வேளையில், எஞ்சின் இழுக்கத் திணறி நின்றுபோயிற்று. பிறகு எத்தனை முறை கயிற்றை இழுத்தும் உயிர் வரவில்லை. வாடைக்காற்று வலுத்துக்கொண்டிருந்தது. வேறொரு வள்ளக்காரர் கண்டு கயிறு போட்டு இழுத்து வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. கரையேறிய இளைஞர் நேரே பெரியவர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சொல்லத் தகாத சொற்களைச் சொன்னார்.

நகரத்திலிருந்து ஒரு மெக்கானிக் வரவழைக்கப்பட்டார். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஓர் அழுத்தமானியின் குழாயை முடுக்கி, கயிற்றை இரண்டு முறை இழுத்து முள்ளைப் பார்த்தார். மேல் சிலிண்டர் 50 பவுண்டு, கீழ்ச் சிலிண்டர் 35 பவுண்டு. நல்ல எஞ்சினில் நூற்றுக்குமேல் இருக்க வேண்டும் என்றார் அவர். “கம்ப்ரஷனே இல்லை. இது இன்றைக்கு நேற்று வந்த நோயல்ல. வைத்திருந்தவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது” என்று ஒரு தாளில் எண்களை எழுதிக் கையெழுத்திட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தத் தாள் ஊர்க் கமிட்டியின் முன் வந்தது. கடற்கரை ஊர்களின் வழக்கப்படி நாம் தலைமை இருக்கையில் இருந்தோம். பெரியவர் எழுந்து, “சாமி, நான் ஏமாத்தணும்னு விக்கலை” என்ற ஒன்றை மட்டும் சொன்னார். மேலே கேட்டதற்குத் தலை குனிந்து நின்றார். அந்த மௌனத்தை நாம் ஒப்புதலாக எடுத்துக்கொண்டோம். கையில் தாள் இருந்தது. தாளில் எண் இருந்தது. எண்ணைவிட நேர்மையான சாட்சி எது? குறையை மறைத்துப் பொருளை விற்பது களவுக்கு ஒப்பாகும் என்று அறநெறி இறையியலில் படித்ததை ஊர் கேட்கும்படி சொன்னோம். பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்றோம். இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். அன்பியப் பொறுப்பில் தொடர்வது அவருக்கே நல்லதன்று என்று சேர்த்தோம். இருபது ஆண்டுகளாக அத்தெருவின் செபக்கூட்டங்களை நடத்தியவர் அவர்.

மறு ஞாயிறு முதல் அவரைக் கோயிலில் காணவில்லை. அவருடைய மனைவி மட்டும் வந்து, நற்கருணை வாங்கிக்கொண்டு, நம் முகத்தைப் பாராமல் போனார்.

ஏழாம் வாரத்தில் ஒரு திருமணத்திற்காக அண்டைப் பங்கிலிருந்து முதியவர் ஒருவர் வந்திருந்தார். எஞ்சின் பழுது பார்க்கும் நிலையத்தில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பேச்சு வாக்கில் இச்செய்தி அவர் காதில் விழ, “சாமி, அந்த எஞ்சினை நான் ஒருக்கா பாக்கலாமா?” என்றார். நகரத்து மெக்கானிக் எப்படிச் சோதித்தார் என்று கேட்டார். சொன்னோம். கேட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

அன்று மாலை அவர் செய்ததைப் பக்கத்தில் ஒரு முக்காலியில் அமர்ந்து நாம் கண்டோம். கால்பகுதி முழுகும்படி ஒரு நீர்ப்பீப்பாயில் எஞ்சினை நிறுத்தி, அரும்பாடுபட்டு ஸ்டார்ட் செய்து, பெட்ரோலிலேயே பத்து நிமிடம் ஓடவிட்டார். சூடேறாத உலோகம் விரிவடைந்திருக்காது, குளிர்ந்த எஞ்சினின் கணக்கு மெய்க்கணக்கன்று என்றார். நிறுத்தியபின் இரண்டு பிளக்குகளையும் கழற்றினார்; ஒன்றை மட்டும் கழற்றினால் மற்றதன் அழுத்தம் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும், சுற்று ஒரே சீராக வராது. பிளக் கம்பிகளை எஞ்சின் உடம்போடு சேர்த்துக் கட்டினார். வெளியே சிதறும் பொறி ஆவியைப் பற்றவைத்துவிடக் கூடாது. பிறகு த்ராட்டிலை முழுவதும் திறந்து வைத்தார். “காத்து வர்ற வாசலைச் சாத்தி வச்சுட்டு, உள்ளே காத்து இல்லைன்னா எப்படி சாமி?” என்றார். நகரத்து மெக்கானிக் அதைத் திறந்ததாக எவருக்கும் நினைவில்லை.

அடுத்து அழுத்தமானி. முதலில் பயன்பட்டது லாரிகளுக்கு உரியது. அதன் அளவுகோல் டீசல் எஞ்சினின் பேரழுத்தத்திற்காக வரையப்பட்டது. நம் எஞ்சினின் சிறிய அழுத்தம் அந்த வட்டத்தின் அடிமூலையிலேயே அடங்கிவிடும். அதன் குழாய் நீளமானது. காற்றைத் திரும்பவிடாமல் பிடிக்கும் வால்வும் குழாயின் நுனியில் இல்லாமல் மறுகோடியில் இருந்தது. ஒரு சிறிய சிலிண்டரின் தலையில் உள்ள வெற்றிடம் ஓரிரு தேக்கரண்டி கொள்ளும் அளவே. அதனோடு அவ்வளவு நீளக் குழாயின் வெற்றிடமும் சேர்ந்தால் அழுத்தம் பிரிந்து குறைந்துவிடும். பெரியவர் தம் பையிலிருந்து எடுத்தது நுனியிலேயே வால்வு உள்ள குட்டையான கருவி. முள் இனி ஏறாது என்னும்வரை ஆறு முறை, ஏழு முறை ஒரே விசையில் கயிற்றை இழுக்கச் செய்தார். இழுத்தது, வாங்கி ஏமாந்ததாகச் சொன்ன அதே இளைஞர்.

மேல் சிலிண்டர் 85. கீழ்ச் சிலிண்டர் 60.

85 என்பது இந்த மண்ணெண்ணெய் எஞ்சினுக்குக் குறைவன்று, இதன் வயதிற்கு மெச்சத்தக்கது என்றார் அவர். ஒரு பெட்ரோல் எஞ்சினின் நூற்றுப்பத்தை எடுத்து வந்து இதன்மேல் சாத்துவது, ஒருவன் சட்டையை மற்றவனுக்கு மாட்டிப் பார்ப்பது போன்றது. ஆனால் கீழ்ச் சிலிண்டருக்கு உண்மையாகவே நோய் இருந்தது. இரண்டு சிலிண்டருக்கும் இடையே நூற்றுக்குப் பத்து, மிஞ்சினால் பதினைந்து வேற்றுமையைப் பொறுக்கலாம். இங்கே ஏறத்தாழ முப்பது. எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள், அதன் உடன்பிறந்ததோடு வைத்துப் பாருங்கள் என்பது அவர் முறை. (அதிலும் ஒரு கண்ணி உண்டு. இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் ஹெட் கேஸ்கட் எரிந்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். ஒப்பிட்டால் ஒன்றாகவே இருக்கும். ஊரோடு ஒத்துக் கெட்டவனுக்கு ஒப்பீடு உதவாது என்று அவர் சொன்னதை மறையுரைக்காக மனத்தில் குறித்துக்கொண்டோம்.)

நோய் எங்கே? ஒரு கரண்டி எண்ணெயைக் கீழ்ச் சிலிண்டருக்குள் விட்டு, மெல்லச் சுற்றிப் பரவவிட்டு, மறுபடி இழுக்கச் சொன்னார். முள் 78-க்கு ஏறியது. எண்ணெய் ரிங்குகளின் இடுக்கை அடைத்ததால் ஏறிற்று. கேஸ்கட்டில் ஓட்டை என்றால் எண்ணெய் இவ்வளவு உதவியிராது. ஆகவே குறை ரிங்கில். ஆனால் ரிங் தேய்ந்துபோனதா, ஒட்டிக்கொண்டதா? இரண்டிற்கும் முள் ஒரே எண்ணைத்தான் காட்டும். புகைபோக்கியின் மூடியைக் கழற்றி, டார்ச் விளக்கை அடித்து, அந்த வாயில் வழியே பிஸ்டனின் ரிங்கை ஒரு மூங்கில் குச்சியால் அழுத்திப் பார்த்தார். நல்ல ரிங் வில்லைப் போல் உள்ளே சென்று திரும்பும். இது அசையவில்லை. சிலிண்டரின் சுவர் கீறலில்லாமல் பளபளத்தது. “தேயலை சாமி. கரி கட்டிப் பிடிச்சிருக்கு. ஓடாம போட்டு வச்சாப் பிடிச்சுக்கும்” என்றார். முழங்கால் தேய்ந்த பெரியவர் கடலுக்குப் போகாத ஓராண்டும் அந்த எஞ்சின் மூலையில் நின்றிருந்தது.

கரியைக் கரைக்கும் திரவத்தைப் பிளக் துளை வழியே விட்டு இரவெல்லாம் ஊறவைத்தார். மறுநாள் ஓடவிட்டபோது கடற்கரையே மறையும்படி புகை கிளம்பியது. மூன்றாம் நாள் கீழ்ச் சிலிண்டர் 80 காட்டிற்று. செலவு முந்நூறு ரூபாய்க்குள்.

ஆக, எண் பொய் சொல்லவில்லை. கருவியின் குறையும், கை செய்த பிழையும், அடைத்த வாசலும், பொருந்தாத அளவுகோலும், உண்மையான நோயும் ஆகிய ஐந்தும் ஒன்றாய்க் கலந்து அந்த ஒரே எண்ணுக்குள் உட்கார்ந்திருந்தன. அவற்றுள் எதையும் பிரித்தறியாமல் அந்த எண்ணின் மேலேறி நின்று நாம் ஒரு மனிதரின் உள்ளத்தை வாசித்தோம்.

அன்றிரவு நாம் நெடுநாள் தொடாதிருந்த புனித தோமா அக்குவினாசின் இறையியல் தொகுப்பை எடுத்தோம். இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பிரிவில் அறுபதாம் வினா தீர்ப்பைப் பற்றியது. நல்ல தீர்ப்புக்கு அவர் மூன்று தேவைகளைக் கூறுகிறார்: அது நீதி நாட்டத்திலிருந்து பிறக்க வேண்டும், அதிகாரம் உள்ளவரிடமிருந்து வர வேண்டும், விவேகத்தின் நேரிய வழியில் சொல்லப்பட வேண்டும். மூன்றாவது குறைந்து, ஐயத்திற்குரியதையோ மறைவானதையோ உறுதியின்றித் தீர்மானித்தால் அது துணிச்சல் தீர்ப்பு. நமக்கு நீதி நாட்டம் இருந்தது, அதிகாரம் இருந்தது. இவ்விரண்டும் இருந்ததாலேயே மூன்றாவதைத் தேட மறந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் நம்மைத் தடுத்து நிறுத்தியது அதே வினாவின் நான்காம் பகுதி. பொருளைத் தீர்ப்பிடுவது வேறு, மனிதரைத் தீர்ப்பிடுவது வேறு என்கிறார் தோமா. பொருளை எப்படித் தீர்ப்பிட்டாலும் பொருளுக்கு நட்டமில்லை. கல்லைப் பொன் என்றாலும் கல் கல்லாகவே கிடக்கும். தவறினால் இழப்பு தீர்ப்பிட்டவரின் அறிவுக்கே. எனவே பொருளைப் பொறுத்தவரை உள்ளதை உள்ளபடி காண்பதே கடன். மனிதரோ நம் தீர்ப்பினாலேயே மதிப்போ இழிவோ அடைகிறார். எனவே தீமைக்குத் தெளிவான சான்று இல்லாதவரை அவரை நல்லவராகவே கொள்ள முயல வேண்டும். தீயவர் பலரை நல்லவரென்று எண்ணிப் பலமுறை ஏமாறுவது, நல்லவர் ஒருவரைத் தீயவரென்று எண்ணி அரிதாக ஏமாறுவதைவிட மேல் என்றும் அவர் சொல்கிறார்.

குருமடத்தில் இதைப் படித்தபோது இரக்கத்திற்காக உண்மையைக் கொஞ்சம் வளைக்கச் சொல்கிறாரோ என்று நாம் ஐயுற்றதுண்டு. எஞ்சினருகே அமர்ந்திருந்த பிறகு அந்த ஐயம் இல்லை. எஞ்சினின் மூடியைக் கழற்றி, விளக்கடித்து, குச்சியால் தொட்டுப் பார்க்க முடிந்தது. அவ்வளவுக்குப் பின்னரே அந்த முதியவர் தம் முடிவைச் சொன்னார். மனிதருக்குக் கழற்றக்கூடிய மூடி எதுவும் இல்லை. பார்க்கக் கூடியதையே இவ்வளவு பொறுமையாகப் பார்க்க வேண்டுமென்றால், பார்க்கக் கூடாததைப் பற்றி ஒரு தாளை வைத்துப் பேசலாமா? நல்லெண்ணம் கொள்ளச் சொல்வது உண்மையை வளைப்பதன்று; நம் கருவியின் எட்டம் இவ்வளவே என்று ஒப்புக்கொள்வது.

இதில் ஒரு விலக்கையும் தோமா வைத்திருக்கிறார்; அதை விட்டுவிட்டால் அவருக்கு அநீதி செய்தவராவோம். மருந்திட வேண்டிய இடத்தில், நம் தீமைக்கோ பிறர் தீமைக்கோ, மோசமானதையே முன்வைத்துச் செயல்படுவது தக்கது என்கிறார். பெரிய நோய்க்கு ஆற்றல் உள்ள மருந்து சிறியதையும் ஆற்றும். கடலுக்குப் போகிறவர்கள் எஞ்சின் நிற்கும் என்றே எண்ணித் துடுப்பும் பாயும் எடுத்துச் செல்வது எஞ்சினை இகழ்வதற்காகவா? இளைஞருக்குப் பணத்தைப் பத்திரமாக வைத்துக் கொடுக்க ஊர் ஏற்பாடு செய்திருக்கலாம், அது மருந்து. பெரியவரின் பொறுப்பைப் பறித்தது மருந்தன்று.

1215-ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் ஆண்டுக்கொருமுறை பாவசங்கீர்த்தனம் செய்யக் கட்டளையிட்டது என்பதை எல்லாரும் அறிவர். அதே விதியில், குருவானவர் தேர்ந்த மருத்துவரைப் போல் காயத்தில் இரசமும் எண்ணெயும் வார்க்க வேண்டும் என்றும், பாவத்தின் சூழலையும் பாவியின் சூழலையும் கவனமாக விசாரிக்க வேண்டும் என்றும் சொல்லியிருப்பதை அவ்வளவாக எவரும் நினைவுகூர்வதில்லை. புனித அல்போன்ஸ் லிகோரியார் ஒப்புரவு வழங்குபவரைத் தந்தை, மருத்துவர், ஆசிரியர், நடுவர் என்று நால்வராகக் கண்டவர். கடுமையே தூய்மை என்று நம்பிய தம் காலத்துப் போக்கோடு வாழ்நாளெல்லாம் போராடியவர். நாம் அந்தக் கமிட்டிக் கூட்டத்தில் நால்வரில் கடைசியானவராக மட்டும் அமர்ந்திருந்தோம்.

மறுநாள் மாலை பெரியவர் வீட்டிற்குப் போனோம். திண்ணையில் பாய் விரித்தார்கள். ஊர் முன்னிலையில் தவறினோம், ஊர் முன்னிலையிலேயே அதைச் சொல்வோம் என்றோம். அவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கடைசியில் சொன்னது இது; திண்ணையில் சொன்னது, பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதன்று; எழுதலாம் என்று அவரே பிற்பாடு அனுமதித்தது:

“சாமி, ஏமாத்தணும்னு நான் நினைக்கலை. அது சத்தியம். ஆனா விக்கிறதுக்கு முந்தி ஒருநா கயித்தைப் பிடிச்சு மெதுவா இழுத்துப் பாத்தேன். ஒரு இழுப்பு கனமா இருந்துச்சு, அடுத்தது லேசா வந்துச்சு. முப்பது வருசம் இழுத்த கை சாமி, தெரியாதா? என்னன்னு பாப்பமான்னு தோணிச்சு. பாத்தா விக்க முடியாதேன்னும் தோணிச்சு. அப்படியே சாக்கைப் போட்டு மூடிட்டேன். கமிட்டியில நீங்க கேட்டப்போ தெரியும்னு சொல்றதா, தெரியாதுன்னு சொல்றதான்னு எனக்கே புரியலை.”

நாம் வாயடைத்துப் போனோம். அறியாமையைப் பற்றி அறநெறி இறையியல் நுணுக்கமாக வகுத்திருக்கிறது. வெல்ல இயலாத அறியாமை உண்டு. அது குற்றத்தை நீக்கும். முயன்றால் நீங்கக்கூடிய அறியாமை உண்டு. அலட்சியத்தால் வருவதும் உண்டு. எல்லாவற்றிலும் விந்தையானது விரும்பி வைத்துக்கொள்ளும் அறியாமை. அறிந்தால் விட நேரும் என்று அறிந்தே அறியாதிருப்பது. குறையை மறைத்தவர் என்றோம். அவர் மறைத்தது முதலில் தம்மிடமிருந்து. அப்படியானால் நம் தீர்ப்பு பாதியாவது சரிதானா? அந்த எண்ணம் நம் மனத்தில் ஒரு கணம் எழுந்ததையும், அதில் ஓர் ஆறுதல் இருந்ததையும் மறைக்கப் போவதில்லை. தற்செயலாகச் சரியாய் விழுந்த தீர்ப்பும் துணிச்சல் தீர்ப்பே. சாக்கைப் போட்டு மூடியவர் அவர் மட்டும்தானா? நகரத்து மெக்கானிக்கின் தாளைப் பார்த்தபோது, இன்னொருவரைக் கேட்கலாமே என்று நமக்கும் தோன்றியது. கேட்டால் கூட்டம் அன்றைக்கு முடியாது என்பதும் தோன்றியது. இரவு எட்டரை மணி ஆகியிருந்தது, நமக்குப் பசி.

ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவிப்புகளோடு நம் தவறையும் சொன்னோம். ஒப்புரவின் விவரங்களை வளர்க்கத் தேவையில்லை. பெரியவர் இரண்டாயிரம் ரூபாயைத் திருப்பித் தந்தார். தரவேண்டியதில்லை என்று ஊர் சொன்னபோதும் தந்தார். இளைஞர் எஞ்சினை வைத்துக்கொண்டார். அன்பியப் பொறுப்பை மறுபடி ஏற்கச் சொல்லி நாம் இருமுறை கேட்டும் பெரியவர் இணங்கவில்லை. கோயிலுக்கு வந்தார். முன்பு அவர் நிற்கும் முதல் தூணை விட்டு, வாசலருகே மூன்றாம் தூணில் சாய்ந்து நின்றார்.

நாம் பணிமாற்றம் பெற்றுப் புறப்பட்ட அன்று விடியலில் கரைக்குப் போனோம். இளைஞர் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். எங்களை வழியனுப்ப வந்திருந்த பெரியவர் மணலில் நின்றபடியே, “முதல்ல மெதுவா இழுத்துப் பாரு மக்கா” என்று குரல் கொடுத்தார். இளைஞர் கயிற்றைப் பிடித்து மெல்ல இழுத்தார், விட்டார், மறுபடி மெல்ல இழுத்தார்.

“ரெண்டும் கனமாத்தான் இருக்கு மாமா” என்றார்.